படம் ஓரிடம், பாடம் ஓரிடம்: திரையில் டேட்டாஷீட் படிக்கும் வழி

ஒரு சிறிய சர்வோ மோட்டாரை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆர்டுயினோ போர்டு இல்லாமல், அதன் மூளையான ஏடிமெகா328பி சிப்பை மட்டும், பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் பலகையான பிரெட்போர்டில் செருகி ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சிப்பைப் பற்றித் தயாரிப்பாளர் தரும் விவர ஆவணமான டேட்டாஷீட்டில், நேரத்தை எண்ணும் டைமர் பகுதிக்கான அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சிக்னல் வெளியே வருவது பிபி1 என்ற காலில் என்று தெரிந்தது. பிபி1 எத்தனையாவது கால்? மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டு முன்பக்கத்துக்கு ஓடினேன். கால்களின் படத்தில் 13 என்று இருந்தது. நூறு பக்கத்துக்கு மேல் உருட்டித் திரும்பி வந்து, 13-இல் கம்பியைச் செருகினேன். மோட்டார் அசையவில்லை. ஒன்றரை மணி நேரம் நிரலில் தப்புத் தேடினேன்.

நிரலில் தப்பே இல்லை. அந்தச் சிப் பல உறைகளில், அதாவது பல வடிவ வெளி உடல்களில், வருகிறது. 32 கால் கொண்ட சதுர உறையின் படமும் 28 கால் கொண்ட நீள உறையின் படமும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்கின்றன. சதுரத்தில் பிபி1 என்பது 13-ஆம் கால். என் பிரெட்போர்டில் இருந்த நீள உறையில் அது 15-ஆம் கால். அதில் 13 என்பது பிடி7, சம்பந்தமே இல்லாத இன்னொரு கால். ஓடிப் போய் ஓடி வந்த அவசரத்தில் கண் பக்கத்துப் படத்தில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். படிக்கும்போது பக்கம் நகரக்கூடாது, கண்தான் நகர வேண்டும். படம் இருக்கும் இடத்துக்கு நாம் போவதற்குப் பதிலாக, நாம் படிக்கும் இடத்துக்குப் படத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. டேட்டாஷீட்டை முதல்முறையாகத் திறப்பவர்களுக்காக, நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

படங்கள் ஏன் இப்படித் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடலாம். பிடிஎஃப் என்பது காகிதத்தின் நகல். அடோபி நிறுவனம் 1993-இல் அதை வெளியிட்டதே, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் அச்சில் இருப்பதுபோல் அப்படியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே படம் அச்சான இடத்தில்தான் இருக்கும். நாம் படிக்கும் வரிக்குப் பக்கத்தில் வந்து நிற்காது. காகிதத்தில் இது அவ்வளவு தொல்லை இல்லை, கால்கள் படம் உள்ள பக்கத்தில் ஒரு விரலைச் செருகி வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம். திரையில் செருக விரல் இல்லை. டேட்டாஷீட்டின் அமைப்பும் இதற்குத் துணை போகிறது. கால்கள் படம் முதல் சில பக்கங்களில், ரெஜிஸ்டர் (சிப்பின் அமைப்புகளை வைக்கும் சிறு நினைவுப் பெட்டி) அட்டவணைகள் அந்தந்த அத்தியாயத்தின் கடைசியில், மின்னழுத்த வரம்புகளும் வரைபடங்களும் கோப்பின் கடைசியில். ஏடிமெகா328பி டேட்டாஷீட் பதிப்பைப் பொறுத்து 300 பக்கமும் இருக்கும், 600-ஐத் தாண்டியும் போகும்.

முதல் சுற்று: படங்கள் மட்டும்

கோப்பை முதலில் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பிலேயே வைத்துப் படித்தால், டேப்பை மூடியதும் எந்தப் பக்கத்தில் இருந்தோம் என்பது பெரும்பாலும் போய்விடும். சிப்பின் பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வையுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு பத்து நிமிடம், எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். இடது ஓரத்தில் சிறு பக்கங்களாகக் காட்டும் பட்டை பெரும்பாலான பிடிஎஃப் மென்பொருள்களில் உண்டு. அதைச் சற்று அகலமாக இழுத்து விட்டால், படம் உள்ள பக்கமும் வெறும் எழுத்துப் பக்கமும் தூரத்திலிருந்தே வேறுபட்டுத் தெரியும்.

ஒரு காகிதத் துண்டில் மூன்று நான்கு எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கால்கள் படம் எந்தப் பக்கம், நமக்கு வேண்டிய பகுதியின் கட்டப்படம் எந்தப் பக்கம், அலைவடிவம் எந்தப் பக்கம், ரெஜிஸ்டர் அட்டவணை எந்தப் பக்கம். பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் எண்ணும், மென்பொருளின் மேல்பட்டை காட்டும் எண்ணும் சில கோப்புகளில் ஒத்துப்போகாது. முகப்பு, பொருளடக்கம் எல்லாம் கணக்கில் சேர்ந்து ஒன்றிரண்டு முதல் பத்து வரை தள்ளி நிற்கும். மேல்பட்டையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை அந்தப் பெட்டியில் தட்டினால் நேராக அங்கே போய்விடலாம்.

திரும்பி வரும் சாவி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். விண்டோஸில் ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டினால், தாவுவதற்கு முன் எந்த இடத்தில் இருந்தோமோ அங்கேயே திரும்பி வந்துவிடலாம். அக்ரோபேட் ரீடர், சுமத்ரா பிடிஎஃப் இரண்டிலும் இது வேலை செய்யும். மேக்கில் பிரிவ்யூ பயன்படுத்துபவர்களுக்கு கமாண்டும் இடது சதுர அடைப்புக்குறியும். பிரவுசரிலேயே படிப்பவர்களில் ஃபயர்ஃபாக்ஸ்காரர்களுக்கு இது பெரும்பாலும் கைகொடுக்கும். மற்ற பிரவுசர்களில் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. தாவியிருந்தால்தான் திரும்ப முடியும். சக்கரத்தை உருட்டி உருட்டிப் போனால் மென்பொருளுக்கு அது தாவலாகத் தெரியாது, ஆகவே திரும்பும் இடமும் இருக்காது. வாக்கியத்தில் இருக்கும் பட எண்ணை அழுத்திப் பாருங்கள். நல்ல டேட்டாஷீட்களில் அது பெரும்பாலும் இணைப்பாக இருக்கும், அழுத்தினால் படத்துக்கே போகும். இணைப்பு இல்லையென்றால் பக்க எண்ணைத் தட்டித் தாவுங்கள்.

கன்ட்ரோலும் எஃப் சாவியும் அழுத்தித் தேடுவதும் ஒரு வழிதான். படத்தின் எண்ணைத் தேடினால், அந்தப் படத்தைப் பற்றி எங்கெல்லாம் பேசியிருக்கிறார்கள் என்பதும் கூடவே கிடைக்கும், அது ஒரு லாபம். ஆனால் ஆங்கிலத்தில் படம் என்ற சொல்லைச் சிலர் முழுதாக எழுதுவார்கள், சிலர் மூன்றெழுத்தில் சுருக்கிப் புள்ளி வைப்பார்கள். ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். பழைய டேட்டாஷீட்கள் ஸ்கேன் செய்தவையாக இருந்தால் எதைத் தேடினாலும் கிடைக்காது. அங்கே உங்கள் காகிதத் துண்டுதான் கதி.

ஒரே கோப்பு, இரண்டு விண்டோ

திரும்பும் சாவி, ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குப் போதும். ஒரு பத்தி முழுக்க ஒரே படத்தைப் பற்றிப் பேசினால் அது போதாது. வரி, படம், வரி, படம் என்று மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது அதே கோப்பை இரண்டு தடவை திறந்து, ஒன்றைப் படத்தில் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதில் படியுங்கள்.

அக்ரோபேட் ரீடரில் இதற்கென்றே புதிய விண்டோ என்ற கட்டளை இருக்கிறது. பழைய தோற்றத்தில் மேலே விண்டோ மெனுவிலேயே தெரியும். புதிய தோற்றத்தில் இடது மேல் மூலையில் உள்ள மெனு பொத்தானுக்குள் தேட வேண்டும். அதன் அருகிலேயே ஸ்ப்ளிட் என்ற கட்டளையும் உண்டு, அது ஒரே விண்டோவை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்துவிடும். மேல்பாதி அசையாமல் நிற்க, கீழ்பாதியை மட்டும் உருட்டலாம். சுமத்ராவில் அதே கோப்பை இன்னொரு விண்டோவில் திறக்கும் வசதி இருக்கிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் டேப்பில் வலது பொத்தானை அழுத்தி டேப்பை நகலெடுத்து, அந்த நகலை வெளியே இழுத்து விட்டால் தனி விண்டோவாகிவிடும். மேக் பிரிவ்யூ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஒரே கோப்பை இரண்டு விண்டோவில் காட்டாது. ஃபைண்டரில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்துகொள்ளுங்கள்.

விண்டோஸில் இரண்டையும் அருகருகே நிறுத்த, விண்டோஸ் சாவியோடு இடது அம்புக்குறி ஒன்றுக்கு, வலது அம்புக்குறி இன்னொன்றுக்கு. ஆனால் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நடுக்கோட்டைப் பிடித்து இழுத்து, எழுத்துக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். படத்துப் பக்கத்தில் பக்கம் முழுவதும் தெரிய வேண்டியதில்லை, படம் மட்டும் நிறையும்படி பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

இடம் வலமாகப் பிரிப்பதா, மேல் கீழாகப் பிரிப்பதா? படத்தின் உருவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கால்கள் படம் உயரமானது, அதைப் பக்கவாட்டில் வைத்தால்தான் ஒழுங்காகத் தெரியும். டைமரின் அலைவடிவம் குட்டையாக, நீளமாக இருக்கும். அதைப் பக்கவாட்டில் வைத்தால் எறும்பு ஊர்ந்த தடம்போலச் சுருங்கிவிடும். மேலே ஒரு பட்டையாக விரித்து, கீழே எழுத்தை வைத்துக்கொண்டால் சுகம். 1366-க்கு 768 அளவுள்ள பழைய லேப்டாப் திரையில் பக்கவாட்டுப் பிரிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தண்டனை, மேல் கீழ்தான் ஒரே வழி.

வெட்டி எடுத்து மிதக்க விடுவது

இரண்டு விண்டோ வைத்தும் சமாளிக்க முடியாத இடம் ஒன்று வரும். ஒரே நேரத்தில் மூன்று அட்டவணைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது படத்தை வெட்டி எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே மிதக்க விடலாம். ஸ்னிப்பேஸ்ட் என்ற இலவச மென்பொருளில் எஃப்1 அழுத்தி வேண்டிய பகுதியை வெட்டலாம், எஃப்3 அழுத்தினால் அந்தத் துண்டு திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வேறு எந்த விண்டோவைத் திறந்தாலும் மறையாது. அதற்குப் பதிலாக, மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பு இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், திறந்திருக்கும் எந்த விண்டோவும் எப்போதும் மேலே நிற்கும். லினக்ஸில் பெரும்பாலும் விண்டோவின் தலைப்பட்டையில் வலது பொத்தானை அழுத்தினாலே அந்த வசதி தெரியும். மேக்கில் ஸ்கிம் என்ற பிடிஎஃப் மென்பொருள் பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் தனிச் சிறு விண்டோவாகப் பிரித்துக் கொடுக்கும். மேக்காரர்கள் பிரிவ்யூவோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் இதற்கே மாறிவிடலாம் என்பது என் எண்ணம்.

வெட்டும்போது இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். ஒன்று, வெட்டுவதற்கு முன் பக்கத்தை நன்றாகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பிடிஎஃபில் உள்ள கோட்டுப் படங்கள் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது, வெட்டியெடுத்த துண்டுக்கு அந்தக் குணம் கிடையாது. சின்னதாக வெட்டிவிட்டு அப்புறம் இழுத்தால் எழுத்தெல்லாம் மங்கிப்போகும். இன்னொன்று, படத்தின் அடியில் உள்ள தலைப்பையும் எண்ணையும் சேர்த்தே வெட்டுங்கள். அலைவடிவத்தை மட்டும் அழகாக வெட்டி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து இது எந்த முறைக்கான அலை என்று தெரியாமல் விழிப்பதில் அர்த்தமில்லை. என் கதையில் உறையின் பெயர் மட்டும் படத்தோடு கண்ணில் பட்டிருந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இனி அந்த சர்வோவுக்கு வருவோம்

சிப்பில் 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் போட்டு, எந்தக் கடிகாரத்தில் ஓட வேண்டும் என்று சிப்புக்குச் சொல்லும் ஃப்யூஸ் அமைப்பையும் மாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சர்வோவுக்கு 20 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு, அதாவது 50 ஹெர்ட்ஸ், கொடுக்க வேண்டும். டைமர்1 அத்தியாயத்தைத் திறக்கிறோம்.

நமக்கு வேண்டியது ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றிக் கட்டுப்படுத்தும் டைமர் முறை), அதிலும் உச்ச எண்ணை ஐசிஆர்1 ரெஜிஸ்டரில் நாமே வைக்கும் முறை. முறைகளின் அட்டவணையில் அது 14-ஆம் வரிசை. அந்த வரிசையில் நான்கு பிட்கள், டபிள்யூஜிஎம் 13 முதல் 10 வரை. மதிப்பு 1, 1, 1, 0. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். இந்த நான்கு பிட்களும் ஒரே ரெஜிஸ்டரில் இல்லை. 11-உம் 10-உம் டிசிசிஆர்1ஏ-வில், 13-உம் 12-உம் டிசிசிஆர்1பி-யில். ஆகவே முறைகளின் அட்டவணையையும், இரண்டு ரெஜிஸ்டர்களின் எட்டுக் கட்டப் படங்களையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளாமல் இந்தப் பத்தியைப் படிக்க முயன்றால் தலை சுற்றும். நான் முறைகளின் அட்டவணையை வெட்டி வலது மேல் மூலையில் மிதக்க விடுகிறேன், ரெஜிஸ்டர் பக்கத்தைப் பிரதான விண்டோவில் வைக்கிறேன்.

அடுத்து, காலில் அலை எப்படி வெளிவர வேண்டும் என்று சொல்லும் காம்1ஏ1, காம்1ஏ0 பிட்கள். இவற்றுக்கு ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் மூன்று அட்டவணைகள் இருக்கின்றன. பிடபிள்யூஎம் இல்லாத முறைக்கு ஒன்று, ஃபாஸ்ட் பிடபிள்யூஎம்முக்கு ஒன்று, ஃபேஸ் கரெக்ட் வகைக்கு ஒன்று. உருட்டிக்கொண்டே போனால் முதலில் கண்ணில் படும் அட்டவணையை எடுத்துக்கொள்வது மனித இயல்பு. ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் அட்டவணையைத் தலைப்போடு வெட்டி ஒட்டி வைத்தால் அந்தக் குழப்பம் வராது. நமக்கு வேண்டியது 1, 0.

சிப்பின் கடிகாரத் துடிப்பை எட்டால் வகுக்கும் பிட்களை அதற்கான அட்டவணையிலிருந்து எடுத்தால், டைமர் நொடிக்கு 20 லட்சம் எண்ணும். அதில் 50 துடிப்பு வேண்டுமென்றால் ஒரு சுற்றுக்கு 40,000 எண்ணிக்கை. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் ஐசிஆர்1-இல் வைக்க வேண்டியது 39,999. இந்த ஒன்று குறைவதற்கான காரணம் எழுத்தில் படித்தால் சட்டென்று புரியாது. ரம்பப் பல் போன்ற அலைவடிவத்தை மேலே பட்டையாக வைத்துக்கொண்டு சூத்திரத்தைப் படித்தால், உச்சியில் நின்றுவிட்டு அடுத்த எண்ணிக்கையில் பூஜ்யத்துக்கு விழுவது கண்ணுக்கே தெரியும். துடிப்பின் நீளத்தை வைக்கும் ரெஜிஸ்டரான ஓசிஆர்1ஏ-வில் 3,000 வைத்தால் 1.5 மில்லிநொடித் துடிப்பு, சர்வோ நடுவில் வந்து நிற்கும். கம்பி 15-ஆம் காலில் இருந்தால்.

மிதக்கும் துண்டுகள் மூன்றுக்கு மேல் போனால் நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்தால் எதுவும் கண்ணில் படாது. எழுத்தை மறைக்கிற படம் எந்தப் படமாக இருந்தாலும் தொல்லைதான்.

தாளும் போனும்

கால்கள் படம், முறைகளின் அட்டவணை, ரெஜிஸ்டர் படங்கள் என்று எப்போதும் தேவைப்படும் நான்கைந்து பக்கங்களை மட்டும் அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்வதை யாரும் பழமை என்று சொல்ல முடியாது. 600 பக்கமும் அச்சிட வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் சில ரூபாயில் வேலை முடிந்துவிடும். அந்தத் தாளில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத உறைகளின் படங்களை ஒரு பெருக்கல் குறி போட்டு அடித்துவிடுங்கள். திரையில் செய்ய முடியாத சௌகரியம் இது.

அச்சிட வழியில்லையா? கால்கள் படத்தை மட்டும் போனுக்கு அனுப்பி, போனை டம்ளரில் சாய்த்து நிறுத்துங்கள். திரை அணையும் நேரத்தை அமைப்பில் கூட்டி வைத்தால் போதும், இரண்டாவது மானிட்டர் தயார். இரவில் கண் கூசுகிறது என்று பிடிஎஃபின் நிறங்களைத் தலைகீழாக்கிப் படிப்பவர்கள், வண்ணக் கோடுகள் உள்ள வரைபடம் வரும்போது மட்டும் பழையபடி மாற்றிவிடுங்கள். சிவப்புக் கோடு என்று எழுத்தில் இருக்கும், திரையில் அது வேறு நிறத்தில் நிற்கும்.

டேட்டாஷீட் அல்லாதவை

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஸோடீரோ என்ற இலவச மென்பொருள் வசதி. அதன் உள்ளேயே பிடிஎஃபை இடம் வலமாகவோ மேல் கீழாகவோ பிரித்துப் படிக்கலாம். ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் உள்ள கட்டுரைகள் பலவற்றுக்கு 2023 டிசம்பரிலிருந்து வலைப்பக்க வடிவமும் கொடுக்கிறார்கள். அதில் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி அதைத் தனி டேப்பில் திறந்துவிடலாம்.

அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்கள் வேறு ரகம். முகப்புப் பக்கத்துக்கு அடுத்து படங்கள் எல்லாம் மொத்தமாக வந்துவிடும், விளக்கம் அதற்குப் பின்னால்தான். படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் இருக்கும், எழுத்து முழுக்க அந்த எண்களை வைத்தே பேசும். இரண்டு விண்டோ இல்லாமல் அவற்றைப் படிக்கவே முடியாது என்பேன். கூகுள் பேட்டன்ட்ஸ் படங்களையும் விளக்கத்தையும் ஒரே பக்கத்தில் தருவதால், பிடிஎஃபைத் திறக்கும் முன் அங்கே ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்க்கச் சொன்னேன் அல்லவா? இந்தச் சிப்பை முதலில் தயாரித்த ஆட்மெல் நிறுவனத்தை மைக்ரோசிப் நிறுவனம் 2016-இல் வாங்கியது. ஆட்மெல் காலத்து ஏடிமெகா328பி டேட்டாஷீட்டையும் பிறகு வந்த பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பக்க எண்களும் அட்டவணை எண்களும் ஒத்துப்போகாது. யாராவது ஒரு பட எண்ணைச் சொல்லி அதைப் பார் என்றால், எந்தப் பதிப்பில் என்று கேளுங்கள். நீங்கள் வெட்டி வைத்த துண்டுகளின் மூலையிலும் அச்சிட்ட தாளின் தலையிலும் அந்தப் பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள்.